குறைத்து விற்றவருக்கு என்ன நடந்தது?



சம்பளத்தைப் பற்றி இந்தப் பக்கத்தில் பலமுறை எழுதியிருக்கிறோம். அந்தச் சம்பளம் கைக்கு வந்த மறுநாள் எங்கே போகிறது என்பதைப் பற்றி அதிகம் எழுதியதில்லை. இந்த மாதம் அதை எழுத வேண்டியிருக்கிறது. காரணம், தரம் 7 பிள்ளை ஒருவன் கேட்ட கேள்வி.

கணிதப் பாடத்தில் சராசரி கற்பிக்கும்போது, வீட்டில் வாங்கும் பத்துச் சாமான்களின் விலையை எழுதி வரும்படி பிள்ளைகளிடம் சொல்லியிருந்தேன். எங்கள் பாடசாலைக்கு மூன்று டிவிஷன்களிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். அவர்களின் வீட்டார் சாமான் வாங்கும் கடைகள் ஐந்து. ஐந்து கடையில் ஐந்து விலை இருக்கும், கூட்டி ஐந்தால் பிரித்தால் சராசரி வரும், பாடமும் முடியும் என்று நினைத்தேன். கரும்பலகையில் எழுதிப் பார்த்தால் பாண் ஐந்திலும் ஒரே விலை. மைசூர் பருப்பு ஒரே விலை. சீனி ஒரே விலை. கோதுமை மா ஒரே விலை. முட்டையில் மாத்திரம் ஒரு கடைக்கு இரண்டு ரூபா வித்தியாசம். பின்வாங்கில் இருந்த பையன் எழும்பிக் கேட்டான்: "டீச்சர், எல்லாம் ஒரே நம்பர்னா சராசரி எதுக்கு?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்தபிறகு சிரிப்பு வரவில்லை.

ஒரே விலை என்பதாலேயே அது களவு என்று சொல்லிவிட முடியாது. அதை முதலிலேயே தெளிவாகச் சொல்லிக்கொள்கிறேன். ஐந்து கடைக்காரரும் மாத்தளையில் ஒரே மொத்த வியாபாரியிடம் ஒரே விலைக்கு வாங்கி, ஒரே லொறிக் கூலி கொடுத்தால், விற்கும் விலையும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கும். பேக்கரிகளை எடுத்துக்கொண்டால், நாட்டின் கோதுமை மா பெரும்பாலும் இரண்டு பெரிய ஆலைக் கம்பனிகளிடமிருந்து வருகிறது. அங்கே விலை ஏறினால் எல்லாப் பேக்கரிக்கும் ஏறும். ஆகவே விலை ஒன்றாக இருக்கிறதா என்று கேட்பது போதாது. இன்னொரு கேள்வி கேட்க வேண்டும். குறைத்து விற்றவருக்கு என்ன நடந்தது?

எங்கள் பக்கத்தில் அதற்குப் பதில் இருக்கிறது. பாட்டுப் போட்டுக்கொண்டு வரும் சூன் பாண் ஆட்டோ உங்களுக்குத் தெரியும். சில மாதங்களாக ஒரு தம்பி காலையும் மாலையும் மேல் டிவிஷன் வரை ஏறி வந்தார். கடை விலையைவிட இறாத்தலுக்குப் பத்து ரூபா குறைவு. மலை ஏறி வந்து பத்து ரூபா குறைத்துக் கொடுக்க அவருக்குக் கட்டுப்பட்டது என்றால், கீழே கடையில் இருந்து விற்பவருக்கும் கட்டுப்பட்டிருக்கும். திடீரென்று ஒரு வாரம் பாட்டுச் சத்தம் கேட்கவில்லை. டவுனில் அவரைக் கண்டு கேட்டேன். "மேல வரவேணாம்னு சொல்லிட்டாங்க டீச்சர். வந்தா பேக்கரியில பாண் குடுக்கமாட்டாங்களாம். சங்கத்துல பேசி முடிவாம்" என்றார். எந்தப் பேக்கரி, எந்தக் கடை என்று நான் இங்கே எழுதப்போவதில்லை. அந்தத் தம்பிக்கும் பிழைப்பு இருக்கிறது. ஆனால் நடந்தது இதுதான். குறைத்து விற்றவருக்குச் சரக்கு நின்றது. இதற்கும் ஒரே கொள்வனவு விலைக்கும் சம்பந்தம் இல்லை. இது ஒரு கட்டுப்பாடு.

பத்து ரூபா பெரிய காசா என்று சிலர் கேட்கலாம். கணக்குப் பார்ப்போம். ஐந்து பேர் உள்ள வீட்டில் ஒரு நாளைக்கு ஒன்றரை இறாத்தல் பாண் என்று வைத்துக்கொண்டால், பத்து ரூபா வித்தியாசம் மாதத்துக்கு 450 ரூபா. அதோடு அரிசி இருபது கிலோவில் கிலோவுக்குப் பத்து ரூபா என்றால் 200. மா பத்துக் கிலோவில் அதே பத்து ரூபா என்றால் 100. பருப்பு மூன்று கிலோவில் இருபது ரூபா வீதம் 60. சீனி நாலு கிலோவில் பதினைந்து ரூபா வீதம் 60. மொத்தம் 870 ரூபா. 2024 செப்டெம்பர் வர்த்தமானிப்படி எமது அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக இருந்தது. அந்தச் சம்பளத்தில் கணக்குப் பார்த்தால், மாதத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு நாள் வேலை அந்தச் சின்ன வித்தியாசத்துக்கே போகிறது. வருடத்துக்கு 10,440 ரூபா. ஏழு நாளுக்கு மேல் மழையில் நனைந்து கொழுந்தெடுத்த காசு. நாம் ஒரு நாள் பெயருக்காக மடுவத்தில் எவ்வளவு நேரம் வாதாடுகிறோம்! ஏழு நாள் பெயர் சத்தமில்லாமல் கடை மேசையில் வெட்டுப்படுகிறது.

நாட்டளவில் இது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். பாண் விலை கூடுகிறதா குறைகிறதா என்பதை நாம் எப்படி அறிகிறோம்? இரவுச் செய்தியில், அகில இலங்கை பேக்கரி உரிமையாளர்கள் சங்கம் அறிவித்ததாக. 2022 மார்ச்சில் மா விலை ஏறியபோது 450 கிராம் பாணுக்கு 30 ரூபா கூட்டப்படுவதாக அப்படித்தான் அறிவிப்பு வந்தது. பிளேன்டீ, சோற்றுப்பொதி, கொத்து என்றால் சிற்றுண்டிச்சாலை உரிமையாளர்கள் சங்கம் அறிவிக்கும். இது எங்களுக்குப் பழகிப்போய்விட்டது. விலையைச் சங்கம் சொல்வதுதான் முறை என்றே நினைக்கிறோம். தலைநகரத்தில் ஒருவர் சொன்ன எண், அவருக்குப் பெயர்கூடத் தெரியாத இரத்தோட்டைப் பேக்கரியில் மறுநாள் காலை எப்படி விலையாகிறது என்று யாரும் கேட்பதில்லை. அந்தப் பேக்கரிக்காரர் விறகில் சுடுகிறாரா, மின்சாரத்தில் சுடுகிறாரா, சொந்தக் கட்டடமா, வாடகையா என்ற கணக்கெல்லாம் அந்த எண்ணுக்குள் எப்படி அடங்கியது?

இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். ஏறும்போது "நள்ளிரவு முதல்". இறங்கும்போது "பழைய ஸ்டொக் முடியட்டும்". பழைய விலைக்கு வாங்கிய மா கடையில் இருக்கும்போதே பாண் விலை ஏறுவது எப்படி, புதிய விலைக்கு மா வந்த பிறகும் பாண் விலை இறங்காதது எப்படி? போட்டி இருந்தால் ஒருவர் முதலில் இறக்குவார், மற்றவர் பின்னால் இறக்குவார். முதலில் இறக்குவதற்கு ஆள் இல்லாவிட்டால் எல்லோரும் காத்திருக்கலாம். காத்திருக்கும் நாளுக்கெல்லாம் காசு கட்டுவது நாம்.

சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது? 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தை எங்கள் கிளை இளைஞர்கள் எடுத்துப் படிக்க வேண்டும். அதிகார சபையின் பணிகளைச் சொல்லும் 8ஆம் பிரிவில் முதலாவதாகவே, வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கைகளையும், விலை தொடர்பாக வியாபார நிறுவனங்கள் தமக்குள் செய்துகொள்ளும் ஏற்பாடுகளையும் கட்டுப்படுத்துவது அல்லது இல்லாதொழிப்பது என்று இருக்கிறது. போட்டிக்கு எதிரான நடைமுறைகளை முறைப்பாட்டின் பேரிலோ தானாகவோ விசாரிக்க 34ஆம் பிரிவு இடம் தருகிறது. ஒருவர் தனியாகவோ தன்னோடு சேர்ந்தவர்களுடனோ போட்டியைத் தடுக்கும், குறைக்கும், திரிக்கும் விதமாக நடந்துகொண்டால் அது போட்டிக்கு எதிரான நடைமுறை என்று அடுத்த பிரிவு விளக்குகிறது. இந்தச் சட்டம் வருமுன் 1987ஆம் ஆண்டின் நியாய வர்த்தக ஆணைக்குழுச் சட்டம் இருந்தது. ஆகவே இது புதிய எண்ணமும் இல்லை.

நடைமுறையில் நாம் காண்பது வேறு. அதிகார சபை அதிகாரிகள் வருகிறார்கள், காலாவதியான டின் மீனைப் பிடிக்கிறார்கள், கட்டுப்பாட்டு விலைக்கு மேல் விற்றவருக்கு வழக்குப் போடுகிறார்கள். 2021இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு அதற்குத் தண்டம் தனிநபருக்கு ஒரு இலட்சத்திலிருந்து ஐந்து இலட்சம் ரூபா வரை. அதெல்லாம் தேவைதான். ஆனால் உச்ச விலை போடுவதால் எல்லாம் தீர்ந்துவிடாது. 2024 டிசம்பரில் நாட்டரிசி சில்லறை விலை கிலோ 230 ரூபா, பச்சையரிசி 220, சம்பா 240, கீரிச்சம்பா 260 என்று அரசாங்கம் நிர்ணயித்தது நினைவிருக்கும். விலைப் பலகை வந்தது, பல கடைகளில் அரிசிதான் வரவில்லை. பெரிய ஆலைக்காரரைத் தொடாமல் கடைசியில் நிற்கும் சில்லறைக் கடைக்காரரை மட்டும் பிடித்தால் இப்படித்தான் முடியும். கடைக்காரர்கள் அதைச் சொல்லிக் கோபப்படும்போது அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

இங்கே ஒரு விஷயத்தை நேராகப் பேச வேண்டும். இதை நான் டவுனில் பேசத் தொடங்கியதும் ஒரு முதலாளி கேட்டார்: "நீங்களும் சங்கம் வைச்சு சம்பளம் இவ்வளவுதான்னு சொல்றீங்க. நாங்க சங்கம் வைச்சு விலை இவ்வளவுதான்னு சொன்னா மட்டும் குத்தமா?"

இது தட்டிக்கழிக்கக்கூடிய கேள்வி இல்லை. எமது தொழிற்சங்கம் பதிவான 1935ஆம் ஆண்டின் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டத்தில் தொழிற்சங்கம் என்பதற்குச் சொல்லப்பட்ட விளக்கத்தைப் பார்த்தால், தொழிலாளர் சேர்ந்தாலும் அது தொழிற்சங்கம், தொழில் கொள்வோர் சேர்ந்தாலும் அது தொழிற்சங்கம். ஒரு தொழிலையோ வியாபாரத்தையோ நடத்துவதற்குக் கட்டுப்பாடுகள் விதிப்பதும் அதன் நோக்கங்களில் ஒன்றாகச் சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. நாமும் கட்டுப்பாடு விதிக்கிறோம். குறைந்த கூலிக்கு வேலைக்குப் போகாதே என்று எமது ஆட்களைத் தடுக்கிறோம். அதை மறைத்துக்கொண்டு மற்றவரைக் குற்றம் சொல்ல முடியாது.

ஆனால் வித்தியாசம் இருக்கிறது. முதலாவது, பருப்பு மூட்டை இன்று விற்காவிட்டால் நாளை விற்கும். இன்றைய உழைப்பு இன்றோடு போய்விடும். அடுப்பில் உலை வைத்துவிட்டுப் பேரம் பேசுகிறவளும் கிடங்கில் சரக்கு வைத்துக்கொண்டு பேரம் பேசுகிறவரும் சமம் இல்லை. அந்தச் சமமின்மைக்காகத்தான் சங்கம். இரண்டாவது, எமது சம்பளம் நாங்கள் தனியாகக் கூடி முடிவெடுப்பதில்லை. கூட்டு ஒப்பந்தம் என்றால் எதிரே கம்பனி உட்கார்ந்திருக்கும். சம்பளச் சபை என்றால் தொழிலாளர், தொழில் கொள்வோர், அரசு நியமித்தோர் என மூன்று தரப்பும் இருக்கும். முடிவு வர்த்தமானியில் வரும், ஆட்சேபனை சொல்ல நாளும் உண்டு. பாண் விலை முடிவாகும் மேசையில் பாண் தின்கிறவருக்கு நாற்காலி இல்லை. மூன்றாவது, நாங்கள் கேட்பது இதற்குக் கீழே போகாதே என்று ஒரு வயிற்றுப்பாட்டுக்கான தரை. அதை ஒருவரும் மூன்று வேளை உண்ட பிறகு இலாபத்துக்காகக் கேட்கவில்லை.

இந்த வித்தியாசத்தைச் சொல்லும்போது எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். தோட்ட முதலாளிமாருக்குச் சங்கம் 1854இலேயே வந்துவிட்டது. இலங்கைப் பெருந்தோட்டக்காரர் சங்கம் எங்கள் முதல் சங்கத்தைவிட எவ்வளவோ மூத்தது. 1992இல் தோட்டங்கள் கம்பனிகளுக்குக் கொடுக்கப்பட்ட பிறகும், ஒரு கம்பனி நல்ல ஆட்களை இழுக்க நூறு ரூபா கூட்டித் தருவதாகவும் அடுத்த கம்பனி அதைவிடக் கூட்டியதாகவும் யாராவது கேள்விப்பட்டோமா? எல்லாக் கம்பனியும் ஒரே வாயால்தான் பேசின. எமது பாட்டன் காலத்தில் இதற்குத் துண்டு என்று பெயர். கடனை எழுதிய துண்டு தீராமல் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக முடியாது, போனாலும் எடுக்கமாட்டார்கள். ஆளுக்கு ஆள் போட்டி போட்டுச் சம்பளத்தை உயர்த்திவிடக்கூடாது என்பதே துரைமாரின் கவலை. 1921இல் சட்டம் போட்டுத் துண்டு ஒழிக்கப்பட்டது. ஆக, வாங்கும் பக்கத்தில் ஒரே கூலி, விற்கும் பக்கத்தில் ஒரே விலை. இரண்டு கதவும் ஒரே நேரத்தில் பூட்டியிருக்கும் வீட்டில் நாம் இருக்கிறோம். ஒரு கதவைத் தட்டிக்கொண்டே இருந்தோம். மற்றக் கதவையும் தட்ட வேண்டும்.

துண்டு என்று சொன்னதும் கடைக் கொப்பி நினைவுக்கு வருகிறது. உண்மையைச் சொன்னால், எமது குடும்பங்கள் ஒரே கடையில் வாங்குவதற்குச் சங்கக் கட்டுப்பாடு மாத்திரம் காரணம் இல்லை. கொப்பிக் கடன் காரணம். பற்று இருக்கும் கடையை விட்டு அடுத்த கடைக்குப் போனால், அடுத்த மாதம் கஷ்டத்துக்குப் பருப்புக் கேட்க முகம் இருக்காது. மாத்தளைக்குப் போய் விலை பார்த்து வாங்கலாம் என்றால் போய்வர பஸ் கூலியும் ஒரு நாள் பெயரும் போகும். கடைக்காரருக்கு இது தெரியும். கடன் எழுதுகிற பேனாவே விலையையும் எழுதுகிறது.

அதே நேரம், அந்தக் கொப்பி எமக்குச் சோறு போட்டதையும் மறக்கக்கூடாது. 2022இல் எரிபொருள் இல்லாமல், மா இல்லாமல், காஸ் இல்லாமல் நாடு நின்றபோது, இந்த டவுனில் தமிழ், முஸ்லிம், சிங்களக் கடைக்காரர்கள் பலர் எமது ஆட்களுக்குக் கடன் கொடுத்தார்கள். வர்த்தகர்கள் சங்கம் வைப்பதிலும் பிழை இல்லை. மொத்த வியாபாரியிடம் பேரம் பேச, வரிக்காரரிடம் முறையிட, டவுனில் வடிகான் வெட்டக் கேட்க, பெரிய சுப்பர் மார்க்கெட் வந்து விழுங்காமல் பார்க்க அவர்களுக்கும் ஒற்றுமை வேண்டும். அந்த ஒற்றுமை, தமக்குள் ஒருவர் விலை குறைக்கும்போது அவர் கையைப் பிடிப்பதற்குத் திரும்பும் இடத்தில்தான் நாம் எதிர்க்கிறோம். இதை யாரும் ஓர் இனத்துக்கோ மதத்துக்கோ எதிரான பேச்சாக மாற்ற வந்தால், அவரைக் கூட்டத்திலிருந்து எழுப்பி அனுப்புங்கள். மேலே வரவேண்டாம் என்று தடுக்கப்பட்ட அந்த ஆட்டோத் தம்பியும் ஒரு சிறு வியாபாரிதான். முதல் அடி அவருக்கே விழுந்தது.

வெளி உலகத்திலும் இது நடந்திருக்கிறது. இந்தியாவில் மருந்துக்கடைகளின் சங்கங்கள் இலாப வீதத்தைத் தாமே நிர்ணயித்தன. சங்கத்தின் சம்மதக் கடிதம் இல்லாமல் கம்பனி புதிய விநியோகஸ்தரை நியமிக்க முடியாதபடி வைத்திருந்தன. 2013இல் இந்தியப் போட்டி ஆணையம் அகில இந்திய மருந்து வியாபாரிகள் அமைப்புக்கு ஏறக்குறைய 47 இலட்சம் இந்திய ரூபா தண்டம் விதித்தது.

எங்களுக்கு அதைவிட நெருக்கமானது தென்னாபிரிக்காவின் பாண் கதை. 2006 டிசம்பரில், நத்தார் நெருங்கும் நேரத்தில், வெஸ்டர்ன் கேப் மாகாணத்தில் மூன்று பெரிய பேக்கரிக் கம்பனிகள் ஒரே நேரத்தில் பாண் விலையைக் கூட்டி, சிறு விநியோகஸ்தர்களுக்குக் கொடுத்த கழிவையும் குறைத்தன. ஒரு கம்பனியிடம் கோபித்துக்கொண்டு அடுத்த கம்பனிக்குப் போனவர்களுக்கு அங்கேயும் இடம் கிடைக்கவில்லை. எங்கள் சூன் பாண் தம்பியைப் போன்றவர்கள்தான் அவர்கள். முறைப்பாடு செய்தார்கள். ஒரு கம்பனி ஒப்புக்கொண்டு மன்னிப்புப் பெற்றது. டைகர் பிராண்ட்ஸ் 2007இல் சுமார் 9 கோடி 88 இலட்சம் ராண்ட் கட்டியது. பயனியர் ஃபூட்ஸுக்கு 2010இல் சுமார் 19 கோடி 57 இலட்சம் ராண்ட் தண்டம். கதை அதோடு முடியவில்லை. பாண் வாங்கிச் சாப்பிட்ட ஏழைகள் சார்பில் கூட்டாக வழக்குப் போட இடம் தர வேண்டும் என்று சிறுவர் அமைப்பும் நுகர்வோர் அமைப்பும் நீதிமன்றம் போயின. அவற்றோடு சேர்ந்து நின்றது அந்த மாகாணத்துத் தொழிற்சங்கச் சம்மேளனக் கிளை. 2012இல் உச்ச மேன்முறையீட்டு நீதிமன்றம் அப்படிப்பட்ட வழக்குக்குக் கதவைத் திறந்தது. சம்பளத்துக்குப் போராடும் சங்கம் பாண் விலைக்கும் போராடலாம் என்பதற்கு இதைவிட உதாரணம் தேவையில்லை.

எமது நாட்டிலும் அந்த நினைவு இருக்கிறது. 1953இல் பங்கீட்டு அரிசி 25 சதத்திலிருந்து 70 சதமாக்கப்பட்டபோது ஆகஸ்ட் 12ஆம் திகதி நாடு நின்றது. அந்த ஹர்த்தாலுக்குப் பிறகு பிரதமர் பதவி விலகினார். அடுப்பு விலையைச் சின்ன விஷயம் என்று நினைத்தவர்களுக்கு அது பாடம்.

அப்படியென்றால் இரத்தோட்டையில் நாம் என்ன செய்வது? ஊர்வலம் வேண்டாம், கடை மறியல் வேண்டாம். முதலில் செய்யக்கூடியவற்றைச் செய்வோம்.

ஒன்று, விலைப் பலகை. ஒவ்வொரு டிவிஷனிலும் ஐந்து வீடுகள், மாதத்தில் முதல் ஞாயிறு, அதே பத்துச் சாமான்களின் விலையை எழுத வேண்டும். கடைப் பெயர், திகதி, விலை. மாத்தளைச் சதொச விலையையும் பக்கத்தில் எழுதுவோம். பிரட்டுக்களத்திலும் கோவில் வாசலிலும் ஒட்டுவோம். எழுத்துத் தெரியாது என்று யாரும் பின்வாங்க வேண்டாம், எங்கள் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இரண்டு, தராசு. முழு இறாத்தல் பாண் 450 கிராம், அரை இறாத்தல் 225 கிராம் இருக்க வேண்டும் என்று 2024இல் வர்த்தமானி அறிவித்தல் வந்தது. முழுப் பாணில் 13.5 கிராம் வரையான குறைவை மாத்திரம் பொறுத்துக்கொள்ளலாம். பாடசாலைத் தராசில் நாங்கள் வைத்துப் பார்த்த நாலு பாணில் இரண்டு 420 கிராம்கூட இல்லை. விலை ஒன்றாக இருக்கும்போது குறைவது நிறைதான்.

மூன்று, பட்டியல். விலைகளைக் கடையில் கண்ணுக்குத் தெரியும்படி காட்டுவதும், கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுப்பதும் சட்டப்படி கடைக்காரரின் கடமை. கடனுக்கு வாங்கினாலும் கேளுங்கள். பொதியில் அச்சிட்ட விலை உச்ச விலை. அதற்கு மேல் விற்கக்கூடாது, கீழே விற்கத் தடை இல்லை. "கம்பனி போட்ட வெல, நான் என்ன செய்ய" என்று சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

நாலு, பேச்சு. வர்த்தகர் சங்கத்துக்குக் கிளையின் பெயரில் ஒரு கடிதம் தயாராகிறது. இரண்டே கேள்விகள். உங்கள் அங்கத்தவர் ஒருவர் விலை குறைத்து விற்க விரும்பினால் அவரைத் தடுப்பீர்களா? சூன் பாண் ஆட்டோ தோட்டத்துக்கு வருவதற்கு ஏதாவது ஆட்சேபனை உண்டா? "இல்லை" என்று எழுத்தில் பதில் வந்தால் அதையே ஒட்டுவோம், நன்றியும் சொல்வோம். பதில் வராவிட்டால் அதுவும் ஒரு பதில்தான். அப்போது நுகர்வோர் அதிகார சபைக்கு, எங்கள் மூன்று மாத விலைக் கணக்கோடு எழுத்து மூலம் முறைப்பாடு போகும். அவசரத்துக்கு 1977 என்ற இலக்கம் இருக்கிறது. ஆனால் கையில் கணக்கு இல்லாமல் அழைத்தால் அது வெறும் கோபமாகவே பதிவாகும்.

ஐந்து, கூட்டாக வாங்குவது. 1844 டிசம்பரில் இங்கிலாந்தின் ரொச்டேல் என்ற ஆலை ஊரில் 28 பேர் சேர்ந்து ஒரு கடை திறந்தார்கள். விற்கத் தொடங்கியது மா, வெண்ணெய், சீனி, ஓட்ஸ் மா, மெழுகுதிரி. கலப்படம் இல்லாத மா, சரியான நிறை, கைக்காசு வியாபாரம். உலகக் கூட்டுறவு இயக்கம் தன் பிறந்தநாளாகக் கொண்டாடுவது அந்தச் சின்னக் கடையைத்தான். எங்கள் தோட்டங்களிலும் கூட்டுறவுக் கடைகள் நடந்து, கணக்கு ஒழுங்கில்லாமல் மூடிய கதைகள் உங்களுக்குத் தெரியும். அதனால் இப்போது கடை திறக்கச் சொல்லவில்லை. பத்து வீடு சேர்ந்து மாதம் ஒரு மூட்டை பருப்பு, ஒரு மூட்டை மா, கைக்காசுக்கு மாத்தளையில் வாங்கிப் பிரித்துப் பாருங்கள். கணக்கை இரண்டு பெண்கள் எழுதட்டும், மூன்றாவது பெண் சரிபார்க்கட்டும். ஆறு மாதம் அது சுத்தமாக ஓடினால் அடுத்ததைப் பேசுவோம்.

ஒரு கடைசி வார்த்தை. எமது ஆட்கள் சிலர் வீட்டுத் தோட்டத்தில் மிளகு வைத்திருக்கிறீர்கள். அறுவடைக்காலத்தில் நாலு வியாபாரியிடம் கேட்டால் நாலு பேரும் சொல்லிவைத்தாற்போல் ஒரே விலை சொல்லும்போது உங்கள் வயிறு எரிவதை நான் பார்த்திருக்கிறேன். அந்த எரிச்சலை மறக்காதீர்கள். நாளை நாமே கூட்டாகக் கடை வைத்தாலும், அடுத்தவர் குறைத்து விற்கிறார் என்று அவர் வழியை மறிக்கும் ஆசை நமக்கும் வரும். அன்றைக்கும் கேட்க வேண்டியது இதே கேள்விதான்.

அடுத்த மாதக் கிளைக் கூட்டத்துக்கு வரும்போது கடைக் கொப்பியைக் கொண்டுவாருங்கள். கடன் தொகையை யாரும் பார்க்கமாட்டோம். விலையை மட்டும் பார்ப்போம். அந்தப் பையனுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. சராசரி எதற்கு என்று அவனுக்குக் காட்டுவதற்கு, கரும்பலகையில் ஐந்து வேறு வேறு எண்கள் எனக்கு வேண்டும்.